கிழிந்த ஜவ்வுக்கெல்லாம் கத்தியா?

ஒரே தெரு. இரண்டு வீடுகள்.

முதல் வீட்டுப் பையனுக்கு வயது 19. மாலையில் ஊர்த் திடலில் சடுகுடு ஆடினான். பாடிப் போனவனை எதிர்க் கட்சியார் மடக்கிப் பிடித்தார்கள். அவனுடைய பாதம் தரையில் ஊன்றியபடியே இருந்தது. உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் "டப்" என்று ஒரு சத்தம் கேட்டது.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால், முழங்கால் வீங்கியிருந்தது. அதை மடக்க முடிந்தது. முழுவதும் நீட்ட முடியவில்லை.

"சுளுக்குத்தான். எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும்" என்றார் தாத்தா. நீவினார்கள். ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று. கால் நீளவில்லை.

இரண்டாவது வீட்டு அம்மாளுக்கு வயது 54. அவர் எங்கும் விழவில்லை. அடியும் படவில்லை. சில மாதங்களாக மாடிப்படி ஏறினால் வலது முழங்கால் வலிக்கிறது. ஸ்கேன் எடுத்தார்கள். "ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று அறிக்கை வந்தது.

வீடே கலங்கிவிட்டது. "கிழிந்ததை அப்படியே விடலாமா?" என்றார்கள் உறவினர்கள். ஆபரேஷனுக்காக மகன் கடன் கேட்கப் புறப்பட்டான். அம்மாள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தார்.

இந்த இரண்டு வீடுகளும் உதாரணத்துக்குச் சொன்னவை. ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. இரண்டு வீட்டிலுமே தவறு நடக்கிறது. டாக்டரிடம் உடனே ஓட வேண்டிய வீட்டில் எண்ணெய் தேய்க்கிறார்கள். பொறுமையாகப் பயிற்சி செய்ய வேண்டிய வீட்டில் நகையை விற்கிறார்கள்.

என் கருத்து இதுதான்: படத்தில் கிழிசல் தெரிகிறது என்பதற்காக மட்டும் கத்தியை எடுக்கக் கூடாது. கால் நீளாமல் பூட்டிக்கொண்டால் வீட்டில் சும்மா இருக்கவும் கூடாது.

ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு பிறைகள்

முழங்காலில் மேலே இருப்பது தொடை எலும்பு. அதன் அடிமுனை உருண்டையானது. கீழே இருப்பது கீழ்க்கால் எலும்பு. அதன் தலை ஏறக்குறையத் தட்டையானது. தட்டையான பலகை மேல் உருண்டையை வைத்தால் என்ன ஆகும்? ஆடும், வழுக்கும். பாரம் முழுவதும் ஒரே புள்ளியில் இறங்கும்.

அப்படி ஆகாமல் காப்பவைதான் இரண்டு ஜவ்வுகள். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. பார்ப்பதற்குப் பிறைச்சந்திரன் போல இருக்கும். ஓரத்தில் தடிப்பாகவும் உள்ளே போகப் போக மெல்லியதாகவும் இருக்கும். காது மடலை வளைத்துப் பாருங்கள். அது போல வளையக்கூடிய, ஆனால் அதைவிட உறுதியான பொருள். டாக்டர்கள் இதை மெனிஸ்கஸ் என்று சொல்லுகிறார்கள். நாம் பிறை ஜவ்வு என்று சொல்லுவோம்.

வண்டிச் சக்கரம் உருளாமல் இருக்க அதன் அடியில் ஆப்புக் கட்டை வைக்கிறோம் அல்லவா? அந்த வேலையைப் பிறை ஜவ்வு செய்கிறது. மெத்தையின் வேலையையும் செய்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது முழங்காலில் இறங்கும் பாரத்தில் ஏறக்குறையப் பாதியை இந்த ஜவ்வுகளே தாங்குகின்றன. முழங்காலை 90 டிகிரி மடக்கினால் 85 சதவீதம் வரை தாங்குகின்றன.

ஆக, இது சின்னப் பொருள்தான். ஆனால் சுமப்பது பெரிய சுமை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலும்பையும் எலும்பையும் கட்டிப் பிடிக்கும் நாரும் முழங்காலில் உண்டு. அதற்கு லிகமென்ட் என்று பெயர். ஊரில் அதையும் "ஜவ்வு" என்றுதான் சொல்லுகிறார்கள். இரண்டும் வேறு. சிகிச்சையும் வேறு. "ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று யாராவது சொன்னால், "எந்த ஜவ்வு ஐயா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எப்படிக் கிழிகிறது?

இரண்டு விதமாகக் கிழிகிறது.

ஒன்று, அடிபட்டுக் கிழிவது. பாதம் ஊன்றியிருக்க, முழங்கால் மடங்கியிருக்க, உடம்பு திருகினால் ஜவ்வு இரண்டு எலும்புகளுக்கும் நடுவே சிக்கிக் கிழிகிறது. சடுகுடு, கால்பந்து, பாட்மிண்டன் ஆடுகிற இளைஞர்களுக்கு இது அதிகம். கனமான மூட்டையைத் தூக்கிக்கொண்டு சட்டென்று திரும்புகிற தொழிலாளிக்கும் நேரலாம்.

மற்றொன்று, தேய்ந்து கிழிவது. பல வருஷம் உடுத்திய வேட்டியைப் பாருங்கள். யாரும் இழுக்காமலே ஒரு நாள் நூல் விடுகிறது. நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் பிறை ஜவ்வும் அப்படித்தான். கீழே குந்தி எழுந்தால்கூடக் கிழியலாம். எப்போது கிழிந்தது என்றே தெரியாமலும் இருக்கலாம்.

இந்த இரண்டும் ஒரே பெயருடையவை. ஆனால் ஒரே நோய் அல்ல. இதை மறந்துவிடுவதால்தான் இத்தனை குழப்பமும்.

கிழிந்தது தானாகக் கூடுமா? அது கிழிந்த இடத்தைப் பொறுத்தது. பிறை ஜவ்வின் வெளி ஓரத்தில் மட்டுமே இரத்த ஓட்டம் உண்டு. உள் பாகத்தில் இல்லை. இரத்தம் ஓடுகிற ஓரத்தில் கிழிந்தால் கூடிவர வழி உண்டு. இரத்தம் இல்லாத உள் பாகத்தில் கிழிந்தால் கூடிவருவது அரிது. ஆனால் கூடாத கிழிசல் எல்லாம் வலிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வெட்டி எறிந்த காலம்

1883-ம் வருஷம். ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரம். தாமஸ் அன்னண்டேல் என்ற டாக்டரிடம் ஒரு சுரங்கத் தொழிலாளி வந்தார். முழங்காலில் பிறை ஜவ்வு இடம் பெயர்ந்திருந்தது. டாக்டர் முழங்காலைத் திறந்தார். ஜவ்வை வெட்டி எறியவில்லை. பழைய இடத்திலேயே வைத்துத் தைத்தார். தொழிலாளி குணமடைந்தார்.

எவ்வளவு நல்ல தொடக்கம்! ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த வழியில் போகவில்லை. "இந்த ஜவ்வுக்கு ஒரு வேலையும் இல்லை, பழைய தசையின் மிச்சம்" என்று அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்களே எழுதினார்கள். அப்புறம் என்ன? கிழிந்தால் வெட்டு; முழுவதும் எடு; தூர எறி. பல வருஷங்கள் இதுதான் வழக்கம்.

1948-ல் இங்கிலாந்து டாக்டர் ஃபேர்பேங்க் ஒரு காரியம் செய்தார். ஜவ்வை எடுத்தவர்களின் முழங்கால்களை எக்ஸ்ரே பிடித்துப் பார்த்தார். எலும்பின் ஓரம் முண்டு தட்டியிருந்தது. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்திருந்தது. எலும்பின் தலை தட்டையாகியிருந்தது. மெத்தையை எடுத்துவிட்டதால் பாரம் நேராக எலும்பில் இறங்கியிருக்கிறது என்பது புரிந்தது. அப்படியும் பழைய வழக்கம் மாற இன்னும் பல வருஷங்கள் ஆயின.

நடுவே ஜப்பானியர் ஒரு புது வழி கண்டார்கள். 1918-ல் டோக்கியோவில் டாக்டர் டகாகி, மூத்திரப்பையைப் பார்க்கும் குழாயைக் கொண்டு, இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் பார்த்தார். அவருடைய வழியில் வந்த டாக்டர் வாட்டனபே, 1962-ல் குழாய் வழியாகவே கிழிந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்தார். முழங்காலைப் பிளக்க வேண்டியதில்லை. சிறு துளைகள் போதும். இன்று ஊருக்கு ஊர் நடக்கும் ஆர்த்ராஸ்கோப்பி ஆபரேஷன் இப்படிப் பிறந்ததுதான்.

நல்ல கருவி. ஆனால் எளிதாக வெட்ட முடிகிறது என்றால் என்ன நடக்கும்? தேவை இல்லாத இடத்திலும் வெட்டத் தோன்றும். உலகம் முழுவதும் அப்படித்தான் நடந்தது.

பின்லாந்தில் ஒரு சோதனை

பின்லாந்து நாட்டு டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்தது. "தேய்ந்து கிழிந்த ஜவ்வை நாம் வெட்டுகிறோமே, அதனால் உண்மையில் பலன் உண்டா?" என்று கேட்டார்கள். சோதித்தே பார்த்துவிடலாம் என்று துணிந்தார்கள்.

35 வயது முதல் 65 வயது வரை உள்ள 146 பேர் சம்மதித்தார்கள். எல்லாருக்கும் ஜவ்வு கிழிந்திருந்தது. எல்லாருக்கும் வலி இருந்தது. ஆனால் யாருக்கும் மூட்டுத் தேய்மான நோய் இல்லை. பெரிய அடிபட்டுக் கிழிந்தவர்களையும் கால் பூட்டிக்கொண்டவர்களையும் இதில் சேர்க்கவில்லை.

ஒவ்வொருவரையும் ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்தார்கள். குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒரு உறையைப் பிரித்தார்கள். "வெட்டு" என்று இருந்தால் ஜவ்வைச் சீர்ப்படுத்தினார்கள். "வெட்டாதே" என்று இருந்தால் வெட்டுவது போலப் பாவனை மட்டும் செய்தார்கள். கருவிகளைக் கேட்டு வாங்கினார்கள். இயந்திரத்தை ஓட்டிச் சத்தம் உண்டாக்கினார்கள். அதே நேரம் வரை மேஜையிலேயே வைத்திருந்தார்கள். தனக்கு நடந்தது ஆபரேஷனா, பாவனையா என்பது நோயாளிக்குத் தெரியாது.

ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். இரண்டு பிரிவிலும் வலி குறைந்திருந்தது. ஆனால் வெட்டியவர்களுக்கும் வெட்டாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை! 2013-ல் இந்த முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகமே திகைத்தது.

அதே 2013-ல் அமெரிக்காவிலும் ஒரு சோதனையின் முடிவு வந்தது. ஜவ்வு கிழிசலோடு இலேசான மூட்டுத் தேய்மானமும் உள்ள 351 பேர். சிலருக்கு ஆபரேஷனும் பயிற்சியும். சிலருக்குப் பயிற்சி மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒன்றாகவே தேறியிருந்தன. பயிற்சிப் பிரிவில் சுமார் நூற்றுக்கு முப்பது பேர் அந்த ஆறு மாதத்துக்குள் ஆபரேஷனுக்கு மாறினார்கள் என்பதும் உண்மை. மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை. 2016-ல் நார்வே நாட்டிலிருந்து வந்த முடிவும் இதையே சொன்னது. அங்கே 140 பேரை இரண்டு வருஷம் கவனித்தார்கள்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? நடு வயதில் தேய்ந்து கிழிந்த ஜவ்வுக்கு முதல் மருந்து பயிற்சி. அதில் தேறாவிட்டால் ஆபரேஷன் கதவு அப்போதும் திறந்தே இருக்கிறது. ஆனால் முதலில் வெட்டிவிட்டால், வெட்டியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

படம் சொல்வது எல்லாம் நோயா?

"டாக்டர் ஐயா, படத்திலேயே கிழிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறதே!" என்று நோயாளிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

2008-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சியைச் சொல்லுகிறேன். ஒரு ஊரில் 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேரின் முழங்காலை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். வலி உண்டா என்று கேட்டு இவர்களைப் பொறுக்கவில்லை. ஊராரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 50 முதல் 59 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 19 பேருக்கு ஜவ்வு பழுதாகியிருந்தது. 70 வயது தாண்டிய ஆண்களில் நூற்றுக்கு 56 பேருக்குப் பழுதாகியிருந்தது.

இன்னொரு விஷயம்தான் முக்கியம். ஜவ்வு கிழிந்தவர்களில் நூற்றுக்கு 61 பேர், "கடந்த ஒரு மாதத்தில் எனக்கு முழங்காலில் வலியே இல்லை" என்றார்கள்!

தலை நரைப்பது போல, ஜவ்வு கிழிவதும் பலருக்கு வயதின் அடையாளம். நரைத்த தலைக்கு ஆபரேஷன் செய்வார்களா? வலி வேறு எங்கிருந்தோ வரலாம். மூட்டுத் தேய்மானத்தால் வரலாம். தொடைத் தசை பலவீனத்தால் வரலாம். பழி மட்டும் படத்தில் தெரிந்த ஜவ்வின் மேல் விழுகிறது.

ஸ்கேன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது ஒரு சாட்சி. சாட்சி சொன்னவுடனே தண்டனை கொடுக்கலாமா? டாக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மடக்கி, நீட்டி, திருகிப் பார்க்க வேண்டும். எங்கே வலி, எப்போது வலி என்று விசாரிக்க வேண்டும். எல்லாம் பொருந்தினால்தான் தீர்ப்பு.

யாருக்கு அவசரம்?

இனி முதல் வீட்டுப் பையனிடம் வருவோம்.

அவன் கதை வேறு. நல்ல ஜவ்வு, இளம் வயது, திடீர் அடி. கிழிந்த ஜவ்வு சில சமயம் வாளியின் பிடியைப் போல எழும்பி, எலும்புகளின் நடுவே சிக்கிக்கொள்ளும். கதவிடுக்கில் துணி சிக்கினால் கதவு மூடாது அல்லவா? அது போல முழங்கால் நீளாது. இதைத்தான் "கால் பூட்டிக்கொண்டது" என்கிறோம்.

இதை நீவிச் சரிப்படுத்த முடியாது. பலவந்தமாக நீட்டினால் கிழிசல் பெரிதாகலாம். எலும்பின் மேலுள்ள வழுவழுப்பான குருத்தும் கெடலாம். இப்படிப்பட்டவர்கள் எலும்பு டாக்டரிடம் தாமதம் இல்லாமல் போக வேண்டும். ஜவ்வு இன்னும் நைந்துபோகாமல் இருக்கும்போதே போனால், வெட்டாமல் தைக்க வழி இருக்கலாம். நாள் கடந்தால் அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.

இந்த அறிகுறிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

கால் முழுவதும் நீளவில்லை, அல்லது மடங்கவில்லை.

அடிபட்ட இரண்டொரு மணி நேரத்துக்குள் முழங்கால் பெரிதாக வீங்கிவிட்டது. உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். நாரும் அறுந்திருக்கலாம். ஜவ்வு மட்டும் கிழிந்தால் வீக்கம் பெரும்பாலும் மெதுவாக, மறுநாளுக்குள் வரும்.

ஊன்றி நிற்கவே முடியவில்லை.

நடக்கும்போது முழங்கால் திடீர் திடீரென்று மடங்கிக் கீழே தள்ளுகிறது.

முழங்கால் சூடாகச் சிவந்து, காய்ச்சலும் வருகிறது. இது ஜவ்வு அல்ல. சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நடு வயதுத் தாய்மார்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. குந்தி எழும்போதோ, படி இறங்கும்போதோ, முழங்காலின் பின்பக்கம் "டப்" என்று தெறித்து, அந்த நிமிஷம் முதல் கடும் வலி வந்தால் அதைச் சாதாரணத் தேய்மானம் என்று விட்டுவிடாதீர்கள். பிறை ஜவ்வு எலும்பில் பதிந்திருக்கும் வேர் அறுந்திருக்கலாம். வேர் அறுந்தால் முழு ஜவ்வும் பயன் இல்லாமல் போகும். தைப்பது சிலருக்கு நல்லது. அதை டாக்டர் சீக்கிரம் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

தைப்பதா, வெட்டுவதா?

ஆபரேஷன் வேண்டும் என்று முடிவானால், அதிலும் இரண்டு வகை உண்டு.

கிழிந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம் நறுக்கிச் சீராக்குவது ஒன்று. இதில் பலர் ஓரிரு நாளிலேயே நடக்கத் தொடங்குகிறார்கள். சில வாரங்களில் வேலைக்குப் போகிறார்கள். பார்ப்பதற்குச் சுகமான வழி. ஆனால் நறுக்கிய அளவுக்கு மெத்தை குறைந்துவிட்டது. வருங்காலத்தில் மூட்டுத் தேய ஏது உண்டு.

கிழிந்ததைத் தைப்பது மற்றொன்று. இதற்குப் பொறுமை வேண்டும். சில வாரங்கள் ஊன்றுகோல் வேண்டியிருக்கும். முழங்காலை அதிகம் மடக்கக் கூடாது. திரும்ப ஆட்டக்களத்துக்குப் போகப் பல மாதங்கள் ஆகும். சில தையல்கள் கூடாமல் போய், மறுபடியும் ஆபரேஷன் வேண்டியதாகலாம். ஆனால் கூடிவிட்டால் மெத்தை மிஞ்சுகிறது.

இருபது வயதுப் பையனுக்கு இன்னும் ஐம்பது, அறுபது வருஷம் அந்தக் காலால் நடக்க வேண்டும். ஆகையால் தைக்க முடிந்தால் தைப்பதே நல்லது. "சீக்கிரம் ஆடணும், வெட்டிவிடுங்கள்" என்று பையன் அவசரப்படுவான். பெற்றோர் அவசரப்படக் கூடாது.

"ஜோகோவிச் ஆடவில்லையா?" என்று பையன்கள் கேட்கலாம். உண்மைதான். 2024 ஜூன் 3-ந் தேதி, பாரிஸ் டென்னிஸ் பந்தயத்தில் செர்பியா வீரர் ஜோகோவிச்சின் வலது முழங்காலில் உள்பக்க ஜவ்வு கிழிந்தது. ஜூன் 5-ந் தேதி ஆபரேஷன். ஜூலையில் விம்பிள்டன் இறுதி ஆட்டம் வரை போனார். ஆகஸ்டு 4-ந் தேதி, கால் கிழிந்த அதே பாரிஸ் மைதானத்தில் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 37.

பாராட்ட வேண்டிய வீரம். ஆனால் அவரைச் சுற்றித் தினமும் டாக்டரும் பயிற்சியாளரும் இருந்தார்கள். அவருடைய கிழிசல் வேறு. உங்கள் கிழிசல் வேறு. அவருடைய நாட்காட்டியைப் பார்த்து உங்கள் முழங்காலுக்கு நாள் குறிக்காதீர்கள்.

ஆபரேஷன் சின்னதுதான். ஆனாலும் ஆபரேஷன் ஆபரேஷன்தான். அபூர்வமாகச் சீழ் பிடிக்கலாம். காலில் இரத்தம் உறையலாம். தேவை இருந்தால் இந்த ஆபத்தை ஏற்கலாம். தேவை இல்லாமல் ஏன் ஏற்க வேண்டும்?

அடிபட்ட அன்று

முழங்கால் திருகிவிட்டால் அன்று என்ன செய்ய வேண்டும்?

ஆட்டத்தை அதோடு நிறுத்துங்கள். "இன்னும் ஒரு சுற்று" வேண்டாம்.

பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 அல்லது 20 நிமிஷம் வையுங்கள். நேராகத் தோலில் வைக்கக் கூடாது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை வைக்கலாம்.

இழுத்தால் நீளும் துணிக்கட்டை இலேசாகச் சுற்றுங்கள். விரல்கள் மரத்துப்போனால் தளர்த்துங்கள்.

காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.

நீவ வேண்டாம். உருவ வேண்டாம். சூடு போட வேண்டாம். திருகிச் "சரி" பண்ண வேண்டாம். அன்பினால் செய்கிற உருவல்தான் பல முழங்கால்களைக் கெடுக்கிறது.

வீட்டிலேயே பயிற்சி

இனி இரண்டாவது வீட்டு அம்மாளுக்கு. தொடையின் முன்பக்கத் தசைதான் முழங்காலுக்குக் காவல்காரன். காவல்காரன் தூங்கினால் பாரம் முழுவதும் மூட்டில் விழும். அவனை எழுப்புவதுதான் பயிற்சி. அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் எலும்புப் பிரிவும் பிசியோதெரபி என்னும் பயிற்சிச் சிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன. அங்கே ஒரு முறை நேரில் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டில் செய்வது நல்லது.

முதல் பயிற்சி. கால் நீட்டி உட்காருங்கள். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். அந்தத் துண்டை முழங்காலால் கீழே அழுத்துங்கள். ஐந்து எண்ணும் வரை பிடித்து, விடுங்கள். பத்து முறை.

இரண்டாவது பயிற்சி. மல்லாந்து படுங்கள். நல்ல காலை மடக்கி வையுங்கள். வலிக்கிற காலை நீட்டியபடியே ஒரு அடி உயரம் தூக்குங்கள். ஐந்து எண்ணுங்கள். மெதுவாக இறக்குங்கள். பத்து முறை.

மூன்றாவது பயிற்சி. சில வாரங்கள் கழித்து, வலி குறைந்த பிறகு இதைத் தொடங்குங்கள். உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். மெதுவாக உட்காருங்கள். ஐந்து முறையில் தொடங்கிப் பத்து முறை வரை போகலாம்.

செய்யும்போது இலேசான வலி இருக்கலாம். மறுநாள் வீக்கமோ, கூடுதல் வலியோ வந்தால் அளவைக் குறையுங்கள். மூன்று நாள் செய்துவிட்டு, "பலன் இல்லை" என்று சொல்லக் கூடாது. மூன்று மாதம் செய்து பாருங்கள்.

உடம்பு பருத்தவர்கள் எடையைக் குறைக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைந்தால்? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வலி இருக்கும் நாட்களில் சம்மணம் போட்டு நெடுநேரம் உட்காருவதும் குந்தி உட்காருவதும் வேண்டாம். அரிவாள்மணையைத் தரையிலிருந்து மேடைக்கு மாற்றுங்கள். வீட்டில் முடிந்தால் உட்காரும் கழிப்பிடம் வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நான்கு கேள்விகள்

ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால், மரியாதையாக நான்கு கேள்விகள் கேளுங்கள்.

ஐயா, இது அடிபட்டுக் கிழிந்ததா, தேய்ந்து கிழிந்ததா?

என் வலிக்கு இந்தக் கிழிசல்தான் காரணமா?

மூன்று மாதம் பயிற்சி செய்து பார்த்தால் கெடுதல் உண்டா?

ஆபரேஷன் என்றால், தைக்க முடியுமா? வெட்டுவது என்றால் எவ்வளவு வெட்டுவீர்கள்?

நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். சந்தோஷமாகப் பதில் சொல்லுவார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் இன்னொரு டாக்டரிடம் கேட்கலாம். பெண் பார்க்க நாலு இடம் போகிறோம். மாடு வாங்க நாலு சந்தை பார்க்கிறோம். முழங்காலுக்காக இரண்டு டாக்டரைப் பார்த்தால் என்ன?

சடுகுடு போட்டி நடத்துகிற ஊர்ப் பெரியவர்களுக்கும் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்டத்துக்கு முன் பத்து நிமிஷமாவது உடம்பைச் சூடேற்றும் பயிற்சி கொடுங்கள். காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற பையனைப் "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்யாதீர்கள். கேலிக்குப் பயந்து வலியை மறைத்து ஆடுகிற பையன்தான், நாற்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் நிற்கிறான். கோப்பை ஊருக்கு வரும். முழங்கால் வலி அவனுக்கு மட்டும்தான் வரும்.

அந்தத் தெருவுக்குத் திரும்புவோம். முதல் வீட்டுத் தாத்தா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, பேரனை இன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகட்டும். இரண்டாவது வீட்டு அம்மாள் சங்கிலியைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைக்கட்டும்.

இரண்டு பேருக்கும் கிழிந்தது ஜவ்வுதான். ஆனால் வழி வேறு!